பிலிப்பைன்ஸிலிருந்து அண்ணன் கொண்டுவந்த பலகாரம்

வணக்கம். எங்கள் அண்ணன் அவர்கள் காலமாகி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. மைசூர் வீட்டுக்கு வந்து, படத்துக்கு மாலை போட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் கூடப் பிறந்த தங்கையின் வணக்கம். இப்படிப்பட்ட மலரில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். நம் சொந்தத்தில் இதற்கு முன் வந்த மலர்களை எடுத்து வைத்துப் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இறந்தவர் எல்லோரிடமும் அன்பாகப் பழகினார், எல்லோரும் அவரிடம் அன்பாகப் பழகினார்கள். முதல் பாதியை எழுத எனக்குத் தடையில்லை. இரண்டாவது பாதி என் அண்ணன் விஷயத்தில் பொய். அதை என் கையால் எழுத மாட்டேன்.

போன மாதம் கோயில் தர்மகர்த்தா எனக்குப் போன் செய்தார். அவர் எங்கள் பெரியப்பாவின் மகன், எனக்கும் அண்ணன் முறைதான். "மலருக்கு நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடு அம்முணி. அந்தப் பலகாரச் சங்கதியெல்லாம் இப்ப எதுக்கு? போனவரு போயிட்டாரு" என்றார். "சரிங்க" என்றேன். போனை வைப்பதற்காகச் சொன்ன சரி அது. அந்தப் பலகாரச் சங்கதியைத்தான் எழுதப் போகிறேன். என் அண்ணன் குலதெய்வத்தின் முன்னால் பன்றிக் கொழுப்பில் செய்த பலகாரத்தை வைத்தார் என்ற பேச்சு கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வரைக்கும் நம் சொந்தம் முழுக்கச் சுற்றியது. அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டுதான் அவர் போய்ச் சேர்ந்தார். அது பொய். அவர் பெயரிலிருந்து அதைத் துடைக்க எனக்குக் கிடைத்திருப்பது இந்த நான்கு பக்கங்கள்தான்.

அண்ணன் பிறந்தது கொள்ளேகாலை அடுத்த எங்கள் சிற்றூரில். மழையை நம்பிய மூன்று ஏக்கர், கேழ்வரகும் நிலக்கடலையும் போடுவோம். அப்பா மஞ்சள்காமாலையில் காலமானபோது அண்ணனுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஆறு. காரியம் முடிந்த மறுவாரமே அவர் மைசூருக்கு பஸ் ஏறிவிட்டார். ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவும் வேலை, மைதா மூட்டைகளுக்கு நடுவே படுக்கை. கன்னடம் கேட்டுக் கேட்டே வந்தது. மாவு பிசைய வந்தது, அடுப்பில் நிற்க வந்தது, சில வருடங்களில் அந்தக் கடைக்கே மாஸ்டர் ஆனார். அவருடைய இரண்டு முன்கைகளிலும் அடுப்பு வாய் சுட்ட தழும்புகள் வரிவரியாக இருக்கும். ஊருக்கு வரும்போதெல்லாம் நான் அவற்றை எண்ணிப் பார்ப்பேன், ஒன்றிரண்டு கூடியிருக்கும். அம்மா எண்ணமாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த நாட்களில் எங்களுக்குக் கைகொடுத்த சொந்தம் எது என்று எழுதச் சொன்னால் அரை வரியில் முடிந்துவிடும். அதற்காக அண்ணன் ஒருவரிடமும் முகம் சுளித்ததில்லை. எனக்குத் திருமணம் செய்து வைத்த பிறகே தனக்குச் செய்துகொண்டார். முப்பதாவது வயதில் மைசூரில் சொந்தமாக பேக்கரி வைத்தார். அதன் பிறகு கொள்ளேகாலிலிருந்து மைசூருக்கு ஆஸ்பத்திரி, கோர்ட், காலேஜ் என்று வந்த நீங்கள் அத்தனை பேரும் அந்தக் கடையில் கால் வைக்காமல் திரும்பியது கிடையாது. காரா பன்னும் டீயும் கொடுத்து, போகும்போது ஒரு பொட்டலம் வெண்ணெய் பிஸ்கட்டும் கட்டிக் கொடுத்து அனுப்புவார். வாங்கிக்கொண்டு போனீர்கள். அப்போது அதில் என்ன கொழுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொழுப்பு என்று சொன்னதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனின் மூக்கைப் பற்றி மைசூரில் பேக்கரி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை வனஸ்பதி டின் ஒன்றைத் திறந்து, விரலில் தொட்டு முகர்ந்து, "இது புது டின் இல்ல, பழைய சரக்க சூடு பண்ணி ஊத்தியிருக்கு" என்று கொண்டுவந்தவரிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த ஆள் கோபமாகப் போய், மறுநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து ஒப்புக்கொண்டார். ஒரு பிஸ்கட்டை உடைத்து, துகளை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, காகிதத்தில் அழுத்திப் பார்த்தாரென்றால் வெண்ணெயா, வனஸ்பதியா, எண்ணெயா என்று சொல்லிவிடுவார். நாற்பது வருடம் மாவும் கொழுப்புமாக வாழ்ந்த அந்த மனிதருக்குத்தான், போனில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, நாம் கொழுப்பைப் பற்றிப் பாடம் நடத்தினோம்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரே மகள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். இங்கே மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காமல், நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரைப் போல அவளும் பிலிப்பைன்ஸுக்குப் போனாள். டாவோ என்ற ஊரில் படித்து முடித்தாள். பட்டமளிப்புக்கு அண்ணன் போனார். கடையைப் பார்த்துக்கொள்ள அண்ணி இங்கேயே இருந்துவிட்டார். ஐம்பத்தொன்பது வயதில் அவருக்கு அது முதல் விமானப் பயணம். கோட் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றார், இடுப்புக்கு மேலே மாப்பிள்ளை, கீழே பேக்கரிச் செருப்பு. இந்த மலரின் அட்டையில் இருக்கிற படம் அந்தப் படம்தான், கீழ்ப்பாதியை அச்சகத்தில் வெட்டிவிட்டார்கள்.

அந்த நாட்டில் ஒரு பழக்கம் உண்டாம். வெளியூர் போய் வருகிறவர்கள் அந்தந்த ஊர்ப் பலகாரத்தை வீட்டுக்கும் தெரிந்தவர்களுக்கும் வாங்கி வராமல் இருக்கமாட்டார்கள். பாப்பாவின் அப்பா பேக்கரிக்காரர் என்று தெரிந்ததும், அவளுடன் படித்த பிள்ளைகள் ஆளுக்கொரு தீவிலிருந்து தங்கள் ஊர்ப் பலகாரத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் குவித்துவிட்டார்கள். அண்ணன் தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டு எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டுவார். செபு தீவின் ஒதாப் பிஸ்கட், நீளவாட்டில் அடுக்கடுக்காக, மேலே சர்க்கரை மினுக்கும். அதே செபுவில் பூ விளிம்பு வைத்த வளையல் பிஸ்கட். இலோயிலோ என்ற ஊரின் பிஸ்கோச்சோ, நம் ரஸ்க்தான், வெண்ணெயும் சர்க்கரையும் பூசி மறுபடி சுட்டது. கூவைமாவில் செய்த பூப்போன்ற பிஸ்கட் ஒன்று, வாயில் வைத்ததும் கரைந்துவிடும் என்றார். போளி போலத் தட்டையான பகோலோட் பக்கத்துப் பியாயாவைக் காட்டியபோது அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தியா கண்ணு, இது நம்ம ஒப்பிட்டேதான். பூரணத்துக்குப் பதிலா நாட்டுச் சக்கர, மேல எள்ளு. கடல் தாண்டி வந்து ஒப்பிட்டத் தின்னுட்டு உக்காந்திருக்கறேன்."

"அண்ணா, உங்களுக்குச் சக்கர இருக்குது, ஞாபகம் இருக்குதா?"

"எனக்குத்தானே இருக்குது? உனக்கு இல்லையே. உனக்குன்னே ஒரு முழு பாக்கெட் ஒதாப் எடுத்து வச்சிருக்கறேன். யாருக்கும் பங்கு குடுக்காத."

அங்கே பழைய முறையில் செய்யும் பல பலகாரங்களுக்குப் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள். உண்மைதான், மறைக்கவில்லை. அதை அண்ணன் போன முதல் வாரமே கண்டுபிடித்தார். நடந்ததைப் பாப்பா எனக்குச் சொன்னாள். ஒரு கடையில் ஹோப்பியா என்று உருண்டையாக, உள்ளே பயற்றம் பூரணம் வைத்தது ஒன்றைச் சாப்பிட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். அண்ணன் வாயில் வைக்கவில்லை. உடைத்தார், தேய்த்தார், முகர்ந்தார், தட்டிலேயே வைத்துவிட்டார். "கேளு பாப்பா, இதுல பன்னிக் கொழுப்பு இருக்குதான்னு." கடைக்கார அம்மா ஆமாம் என்று தலையாட்டி, அப்புறம் சிரித்து, தாவரக் கொழுப்பில் செய்ததை எடுத்துக் காட்டினாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டின் பின்புறத்தையும் பாப்பா வரிக்கு வரி படித்துச் சொல்ல வேண்டும், இவர் மறுபடி ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். பிள்ளைகள் ஆசையாகக் கொடுத்ததில் இரண்டு பாக்கெட் தேறவில்லை. அவர்கள் மனம் நோகக் கூடாதென்று எதுவும் சொல்லாமல், பாப்பா குடியிருந்த வீட்டு அம்மாளிடம் அவற்றைக் கொடுத்துவிட்டு வந்தார். பெட்டியில் ஏறியது முழுக்க வெண்ணெயும் தாவரக் கொழுப்பும்தான்.

நாம் யாரும் சைவம் இல்லை. நம் அம்மன் கோயிலில் கிடா வெட்டிப் பந்தி போட்டுத்தான் திருவிழா முடியும். ஆனால் பன்றி நம் குலத்துக்கு ஆகாது, கோயில் எல்லைக்குள் அது வரக் கூடாது என்று கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டுக்காகத்தான் அந்த மனிதர் முன்பின் தெரியாத ஊரில் பலகாரத்தை மோந்து மோந்து நின்றார். நம்மில் இத்தனை பேர் வெளிநாடு போய் வந்திருக்கிறோம், சாக்லேட் வாங்கி வந்திருக்கிறோம். ஒரே ஒருவர், ஒரே ஒரு பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்திருப்போமா?

நம் பங்காளிகளுக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு. தூரதேசம் போய்த் திரும்புகிறவர், கொண்டுவந்ததில் முதல் பங்கை குலதெய்வத்தின் முன்னால் வைத்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் பிரிக்க வேண்டும். அண்ணன் அப்படியே செய்தார். பாக்கெட்டுகளை வீட்டில் பிரித்து, இருபத்திரண்டு வீட்டுக்கும் இருபத்திரண்டு பை, ஒவ்வொன்றிலும் எல்லா ஊர்ப் பலகாரமும் இருக்கும்படி தானே எடுத்துப் போட்டார். எல்லோரையும் கோயிலுக்கு வரச் சொல்லி, அம்மன் முன்னால் ஒரு தட்டு வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, கையில் கொடுத்தார். வாங்கித் தின்றீர்கள். நான் அங்கேதான் நின்றேன். பிள்ளைகள் வளையல் பிஸ்கட்டை விரலில் மாட்டிக்கொண்டு ஓடின. தர்மகர்த்தா பியாயாவைத் தின்று முடித்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்ணு இருக்குதா?" என்று கேட்டார். இருந்தது, அண்ணன் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பிலிப்பைன்ஸில் ஒருவர் பாத்திரத்தில் பன்றிக் கொழுப்பை உருக்கி, மாவில் ஊற்றிப் பிசைகிறார். அவர் செய்வது ஹோப்பியா. உருண்டையாக, உள்ளே பூரணம். அண்ணன் தட்டிலேயே வைத்துவிட்டு வந்தாரே, அதுதான். நமக்குக் கொடுத்த எதிலும் அது கிடையாது. கண் இருக்கிறவர்கள் பார்த்தால் தெரியும், ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் வாய்தான் இருந்தது. ஒன்பது நாள் சும்மா இருந்த வயிறுகள் எல்லாம் ஒரே ராத்திரியில் குமட்டின. ஒரு மருமகளுக்குத் தலைசுற்றலாம், ஒரு பிள்ளைக்குப் பேதியாம், ஒருவர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் வற்றியதற்கும் இதுதான் காரணமாம். அண்ணன் போனில் டைப் அடிக்கத் தெரியாதவர். குரலில் ஒரே ஒரு செய்தி அனுப்பினார். "நான் பாத்துப் படிச்சுத்தானுங்க கொண்டாந்தேன். அதுல அது இல்லீங்க." அதற்கு ஒருவரும் பதில் போடவில்லை.

ஆடியில் கோயில் பொங்கல் வந்தது. பங்காளி வீடு ஒவ்வொன்றுக்கும் வரிசையில் ஒரு இடம், தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பானைக்கு ஐந்தாவது இடம். அண்ணனும் அண்ணியும் மைசூரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் பானையோடு வந்தார்கள். ஐந்தாவது இடத்தில் அடுப்புக் கல் இல்லை. நான்கு, அப்புறம் ஆறு. தள்ளி, வேலியோரம், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் மூன்று கல் போட்டு வைத்திருந்தார்கள். அண்ணி பையிலிருந்து காலிக் கவர்களை எடுத்தார். வீட்டில் பிரித்த பலகாரப் பாக்கெட்டுகளை ஒன்று விடாமல் மடித்து எடுத்து வைத்திருந்தார். தர்மகர்த்தாவிடம் நீட்டினார்.

"படிச்சுப் பாருங்க மாமா. எல்லாத்துலயும் எழுதியிருக்குதுங்க. உங்க பையனப் படிக்கச் சொல்லுங்க."

தர்மகர்த்தா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அதக் கோயிலுக்குள்ள கொண்டாராத, மொதல்ல வெளிய எடுத்துட்டுப் போ. இங்கிலீசுல அவன் என்ன வேண்ணாலும் அச்சடிப்பான்."

"உங்க பையன் இஞ்சினீருங்களே மாமா. ஒரு வரி..."

"ஒரு வரியும் வேண்டாம்."

அவருடைய மகன் அங்கேதான் நின்றான். பெங்களூரில் வேலை, நாள் முழுக்க இங்கிலீஷ். ஒரு எட்டு எடுத்து வைத்து, ஒரு கவரைக் கையில் வாங்கி, ஒரு வரி படித்திருந்தால் இந்தக் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் நாற்பது ஐம்பது பேர், எல்லோரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் அண்ணியின் கையிலிருந்து கவர்களை வாங்கி மடித்துப் பையில் போட்டார். "சாமி முன்னால வாதாட வேண்டாம், வா" என்றார். அரிசி போடாத பானையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அவர் போன பிறகு, பலகாரத் தட்டு வைத்திருந்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அதையும் நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கொள்ளேகால்காரர்கள் மைசூருக்கு வந்தால் கடைக்கு எதிர்ப்பக்கம் நடந்தார்கள். இரண்டு கல்யாணத்துக்குப் பத்திரிகை தபாலில் வந்தது, நேரில் ஒருவரும் கொண்டுவந்து வைக்கவில்லை. அண்ணன் எப்போதும் போல விடிகாலை எழுந்து மாவு போட்டார். பேச்சு குறைந்துபோயிற்று. ஒரு நாளாவது கத்தியிருக்கலாம், யாருடைய சட்டையையாவது பிடித்திருக்கலாம். அது அவருக்கு வராது. இதில் அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு, எழுதிவிட்டேன்.

இத்தனை நேரம் நீங்கள் நீங்கள் என்று எழுதிக்கொண்டு வந்தேன். இனி எழுதப்போவது என்னைப் பற்றி.

வீடியோ வந்த மறுநாள் என் மாமியார் என்னைக் கேட்டார். "உங்கண்ணன் குடுத்தத நீயும் தின்னியா?" அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கென்று கொடுத்த ஒதாப் பாக்கெட்டை நான் ஒரே நாளில் முடித்திருந்தேன். யாருக்கும் பங்கு கொடுக்கவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, போகும்போதும் வரும்போதும் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்று, கடைசியில் கவரின் மூலையில் கிடந்த சர்க்கரையை விரலால் ஒற்றி நக்கினேன். அவ்வளவு ருசி. ஐம்பது வயதில் எனக்கென்று மட்டும் ஒருவர் ஒரு பொருளை வாங்கி வந்தது அதுதான். மாமியார் கேட்டதும் வாயில் என்ன வந்தது தெரியுமா?

"இல்லீங்கத்தே. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துது. எதிர்வீட்டு மாட்டுக்குப் போட்டுட்டேன்."

அவ்வளவுதான். அடுத்த வேளை சோற்றுக்கு என் பாத்திரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் சொன்னது. மாமியார் அதைத் தன் அக்காவிடம் சொன்னார், அவர் தர்மகர்த்தாவின் மனைவியிடம் சொன்னார். மூன்றாம் நாள் குழுவில் தர்மகர்த்தாவின் செய்தி: "கூடப் பொறந்தவளே மாட்டுக்குப் போட்டுட்டா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" அதுவரை நம்பாமல் இருந்த நான்கைந்து வீடும் அன்றைக்கு நம்பின. நியாயம்தானே, தங்கையே சொன்ன பிறகு வேறு யார் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியை நான் படித்தேன். இல்லை, பொய், நான் தின்றேன் என்று ஒரு வரி போட அரை நிமிடம் ஆகியிருக்கும். போடவில்லை. ஆடிப் பொங்கலில் ஐந்தாவது கல்லை எடுத்துப்போட்டவர் யாரென்று கேட்டால் நீங்கள் எல்லோரும் தர்மகர்த்தாவைப் பார்ப்பீர்கள். பார்க்க வேண்டியது என்னை.

அண்ணனும் அந்தச் செய்தியைக் கேட்டிருந்தார். அடுத்த முறை நான் கடைக்குப் போனபோது டீ கொடுத்தார், பன் கொடுத்தார், பிறகு ஆட்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டார்.

"ஒதாப் உனக்குப் புடிக்கலையா கண்ணு?"

மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவில்லை. பிடிக்கவில்லையா என்று மட்டும் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யை ஒப்புக்கொள்வதைவிட இன்னொன்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

"பல்லு வலிண்ணா. கடிக்க முடியல."

"ஆமா, கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த ஒதாப் கை பட்டாலே உதிரும். அதில் கெட்டி என்பதே கிடையாது. என்னைவிட அவருக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே எனக்காகத் தலையாட்டினார். பலகாரத்தில் கொழுப்புக் கலப்படத்தை விரலால் கண்டுபிடிக்கிறவர், தங்கையின் பேச்சில் இருந்த பொய்யை அப்படியே விழுங்கிக்கொண்டார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதற்குப் பின் எட்டு மாதம் இருந்தார். ஒரு காலை அடுப்பிலிருந்து பன் தட்டை வெளியே இழுத்து வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாப்பா அப்போது மைசூரில்தான் இருந்தாள். படித்த படிப்பையெல்லாம் அப்பாவின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்திக் காட்டினாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் விடிவதற்குள் போய்விட்டார். காரியத்துக்கு எல்லோரும் வந்தீர்கள். மாலை பெரிய பெரிய மாலை. சாப்பாட்டுக்கு இலை போட்டுக் கூப்பிட்டபோது கொள்ளேகால் வேன் இரண்டும் கிளம்பிவிட்டன. நெடுஞ்சாலையில் ஏதோ ஓட்டலில் நிறுத்திச் சாப்பிட்டீர்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அண்ணி முப்பது இலைகளை வெறுமனே சுருட்டி எடுத்தார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் பாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கன்னடத்தில் படித்த பிள்ளை, தமிழ் பேசுவாள், படிக்க வராது. மாட்டுக்குப் போட்டேன் என்று நான் சொன்ன இடம் வந்ததும் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பாவுக்கு கொத்தா அத்தே, நீங்க அத சாப்ட்டீங்கன்னு?" அப்பாவுக்குத் தெரியுமா என்கிறாள். தெரியாது என்றேன். எழுந்து உள்ளே போய் அண்ணிக்குக் காப்பி போட ஆரம்பித்தாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அண்ணனை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடிய எதிர்க்கடை டெய்லர் அவர்களுக்கும், இரண்டு நாளும் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அவர் மனைவிக்கும் நன்றி. கடையை ஒரு நாளும் மூடவிடாமல் பார்த்துக்கொண்ட அண்ணன் கடை மாஸ்டர் அவர்களுக்கு நன்றி. காரியத்தன்று, போட்ட இலையில் உட்கார்ந்து, ரசம் வரைக்கும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட தெருக்காரர்கள் அத்தனை பேருக்கும் நன்றி. செய்தி கேட்டதும் டாவோவிலிருந்து போன் செய்து, மொழி தெரியாத அண்ணியோடு சேர்ந்து அழுத அந்த வீட்டுக்கார அம்மாளுக்கு நன்றி. அண்ணனோடு முப்பது வருடம் அடுப்புச் சூட்டில் நின்ற அண்ணிக்கு நன்றி என்று எழுதினால் அது போதாது, மன்னிப்பு என்று எழுதுகிறேன்.

சொந்தக்காரர்களான உங்களிடம் ஒரே ஒரு வேலை கேட்கிறேன். அந்த வீடியோவை எத்தனை பேருக்கு அனுப்பினீர்களோ, கூடப் பிறந்தவளே மாட்டுக்குப் போட்டாள் என்பதை எத்தனை பேருக்குச் சொன்னீர்களோ, அத்தனை பேருக்கும் இந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து அனுப்புங்கள். தங்கை பொய் சொன்னாள் என்று சொல்லுங்கள். என் பெயரைப் போட்டே சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அண்ணன் கொண்டுவந்ததில் குற்றம் ஒன்றும் இல்லை. நான் தின்றேன், முழுவதும் தின்றேன், மிகவும் பிடித்திருந்தது. இதைக் கேட்க வேண்டியவர் ஒருவருக்கு மட்டும் இதை அனுப்ப முடியாது.